முதல் வகுப்பில் தேறிய வெல்டிங்

வரி விளம்பரம்தான். லாரி பாடி கட்டும் தொழிற்கூடத்துக்கு வெல்டிங் சூப்பர்வைசர் வேண்டுமாம். தகுதி: பி.இ. மெக்கானிக்கல், முதல் வகுப்பு. சம்பளம் 14,000 ரூபாய். கடைசியில் ஒரு வரி: 'அனுபவம் அவசியமில்லை.' நிறுவனத்தின் பெயரைப் போட்டு ஓசி விளம்பரம் தருவதாக இல்லை. ஆனால் அந்தக் கடைசி வரி வாரம் முழுக்க நம்மைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

வேறு ஊரில் வந்திருந்தால் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்போம். இது நாமக்கல்! வெளிமாநிலத்து முதலாளிகள் வெறும் சேசிஸை ஓட்டிக்கொண்டு வந்து, பாடி கட்டி எடுத்துப்போகிற ஊர். பக்கத்துத் திருச்செங்கோட்டு ரிக் வண்டி போய்த் துளை போடாத மாநிலத்தைத் தேடத்தான் வேண்டும். இந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் எந்தக் கல்லூரி வாசலில் நின்றார்கள்? பட்டறையில் கையாளாகச் சேர்ந்தவர்கள். முதலில் ராடு எடுத்துக் கொடுப்பது, ஸ்லாக் தட்டுவது. அப்புறம் டேக் வைக்க விடுவார் மேஸ்திரி. ஒரே பக்கமாகப் பற்றவைத்துக்கொண்டே போனால் சூட்டில் சட்டம் இழுத்துக் கோணிக்கொள்ளும். எதிரெதிராக, விட்டுவிட்டு வைக்க வேண்டும் என்பதைத் திட்டு வாங்கித்தான் கற்றிருப்பார்கள். இருபது வருஷம் இதைச் செய்தவர் இனி முதல் வகுப்பில் தேறிய தம்பியிடம் 'சார், இந்தப் பக்கம் வைக்கட்டுமா?' என்று கேட்க வேண்டும். தம்பி கூகுளைக் கேட்பார்.

பாதுகாப்பு, தரம் என்றெல்லாம் சொல்வார்கள். சரி, பாதுகாப்பையே பேசுவோம். கேஸ் டேங்கர் லாரிகளுக்கும் பேர்போன ஊர் இது. அழுத்தத்தில் எரிவாயு நிற்கும் கலத்துக்கு வெல்டிங் வைப்பவரை எப்படித் தேர்வு செய்கிறார்கள் தெரியுமா? அவர் வைத்த வெல்டிங்கைத்தான் பார்க்கிறார்கள். மாதிரித் துண்டைப் பற்றவைக்கச் சொல்லி, அதை வெட்டி, வளைத்து, விரிசல் விடுகிறதா என்று பார்ப்பார்கள், இல்லையென்றால் எக்ஸ்ரே. வளைகுடா போகிற நம் பையன்கள் '6ஜி பாஸ்' என்று மார்தட்டுகிறார்களே, அது குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திவிட்டு, ஆளைச் சுற்றிச் சுற்றி வந்து பற்றவைக்கச் சொல்கிற தேர்வு. பிசகினால் ஊரே எரியும் என்கிற இடத்தில் கையைச் சோதிக்கிறார்கள். கோழித் தீவனம் ஏற்றப்போகிற லாரிக்குக் கான்வகேஷன் போட்டோ கேட்கிறார்கள்!

அமெரிக்காவில் டியூக் பவர் என்ற மின் கம்பெனி, கறுப்பினத் தொழிலாளர்கள் நல்ல வேலைகளுக்கு உயர்வதற்குப் பள்ளி இறுதிச் சான்றிதழைக் குறுக்கே வைத்தது. செய்கிற வேலைக்குச் சம்பந்தமில்லாத அந்தத் தகுதி செல்லாது என்று 1971-லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நம் மத்திய அரசும் 2019-ல், கனரக வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டது. லாரியை ஓட்டப் படிப்பு வேண்டாம், அதே லாரிக்குப் பாடி கட்டுவதை மேற்பார்வையிட முதல் வகுப்பு வேண்டும். நன்றாயிருக்கிறது நியாயம்.

சேலத்துக்காரர்கள் கொஞ்சம் ஏற்காடு ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். அங்கே மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா கம்பெனியை நடத்திய டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர். அவர் சர்டிபிகேட்டைப் பார்த்துத்தான் எழுத விடுவேன் என்றிருந்தால், பள்ளி இறுதித் தேர்வில் தேறாத கருணாநிதிக்கு 1950-ல் 'மந்திரி குமாரி' கிடைத்திருக்குமா? எட்டாம் வகுப்போடு நின்ற கண்ணதாசனும் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர்தான்.

டிகிரியே தண்டம் என்று எந்தத் தம்பியும் இதைக் கத்தரித்து அப்பாவிடம் காட்ட வேண்டாம். மருத்துவருக்கும் பாலம் கட்டுகிறவருக்கும் படிப்பு வேண்டும்; லாரியிலும் அச்சுக்கு எவ்வளவு பாரம் என்று கணக்குப் போடப் படித்த பிள்ளை வேண்டும். அந்த பி.இ. பையனும் பாவம்தான். இந்த மாவட்டத்து ரெசிடென்ஷியல் பள்ளியில் விடியற்காலை எழுப்பி மார்க் வாங்க வைத்து, காட்டை விற்று இன்ஜினியரிங்கில் சேர்த்தார்கள். கடைசியில் கிடைப்பது 14,000 ரூபாயும், தன்னைவிட வேலை தெரிந்தவர்களை அதட்டுகிற உத்தியோகமும்.

இனி நம் பழைய பல்லவிக்கு வருகிறோம். முகம் சுளிக்காமல் கேளுங்கள். ஐ.டி.ஐ.யில் சேராமலே, தொழில் அனுபவம் உள்ளவர்கள் தனித்தேர்வர்களாக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத வழியிருக்கிறது. எத்தனை பட்டறைகளுக்கு இது தெரியும்? அறிவிப்பு செய்தித்தாளின் மூலையில் ஒற்றைப் பத்தியாக வந்து மறைந்துவிடுகிறது. முட்டை விலை தினமும் இந்த மாவட்டத்தின் டீக்கடைக்கெல்லாம் போய்ச் சேர்கிறது. தேர்வுத் தேதி போய்ச் சேராதா? நாமக்கல், சேலம் கலெக்டர்கள் அடுத்த அறிவிப்பைப் பட்டறை வாசலிலும் டீக்கடைச் சுவரிலும் ஒட்டச் சொல்லட்டும். ஐ.டி.ஐ. ஒர்க்‌ஷாப்பை ராத்திரி ஏழு மணிக்குத் திறந்துவிடட்டும். தேர்வுக் கட்டணத்தை, விளம்பரம் கொடுத்த அந்த முதலாளியே கட்டலாம்.