கல்லாவில் தேங்கும் குழுப் பணம்



எங்கள் பெண்ணாடத்தின் பெயரைப் பெண், ஆ, கடம் என்று பிரித்துச் சொல்வார்கள் பெரியவர்கள். பெயரிலேயே பெண் முதலில் நிற்கும் ஊர். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மகளிர் குழு கலைவதற்கு நானும் காரணமாக இருந்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

மகளிர் சுயஉதவிக் குழு என்பது நமக்குப் புதிதல்ல. 1989இல் தருமபுரியில் தொடங்கி, 1991-92இல் அன்றைய நமது தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்த திட்டம். 1992இல் நபார்டு வங்கி இக்குழுக்களை வங்கிக் கடனோடு இணைத்தது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் மாதாமாதம் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கி, நாணயத்தை நிரூபித்த பிறகே வங்கி கடன் தரும். ஈடு கிடையாது. நம்மில் எத்தனை பேருக்கு அப்படிக் கடன் கிடைக்கும்?

2008 வாக்கில் ஒரு குழுவினர் பயிற்சி பெற்று, கடன் வாங்கி, மிளகாய், மல்லி கொள்முதல் செய்து, நாற்பது கிலோ சாம்பார் பொடி அரைத்து என் கடைக்குக் கொண்டு வந்தார்கள். "விற்ற பிறகு பணம்" என்றேன். மூன்று வாரத்தில் பொடி தீர்ந்தது. ஆனால் தீபாவளிச் சரக்கு எடுக்க அந்தப் பணத்தைப் புரட்டிவிட்டு, இரண்டரை மாதம் இழுத்தடித்தேன். அவர்கள் வட்டிக்கு வாங்கி வங்கித் தவணை கட்டியிருக்கிறார்கள். கடைசியில் பணத்தைக் கொடுத்து, "அடுத்த சரக்கு எப்போம்மா?" என்றேன். "மிளகாய் வாங்க அப்ப கையில காசு இல்லைங்க முதலாளி. இப்ப குழுவே இல்லை" என்றார் தலைவி.

'கடன் அன்பை முறிக்கும்' என்று வாடிக்கையாளருக்குப் பலகை மாட்டியிருப்பவன் நான்!

பெரிய கம்பெனி விற்பனையாளரிடம் இப்படி இழுக்க முடியுமா? அடுத்த லோடு வராது. குழுப் பெண்கள் சத்தம் போட மாட்டார்கள் என்பதால்தானே இழுக்கிறோம்?

2024 ஏப்ரல் முதல் வருமானவரிச் சட்டமும் இதைக் கேட்கிறது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

பொடி அரைக்கவும், விருத்தாசலம் பீங்கான் வேலைக்கும் பயிற்சி தர ஆட்கள் உண்டு. பாக்கெட்டில் நிகர எடை, தயாரித்த தேதி, விலை, முகவரி எப்படிப் போடுவது, எந்தச் சரக்கு எந்த மாதத்தில் ஓடும், கார்த்திகை அகலை எப்போது கடைக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் நமக்குத்தான் தெரியும். கொள்முதலுக்கு வரும்போது அரை மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லலாம்.

என் கடையில் இப்போது குழுச் சரக்குக்குத் தனிப் பேரேடு. சரக்கு இறங்கிய அன்றே பாதி ரொக்கம், மீதி பதினைந்தாம் நாள். தரம் குறைந்தால் திருப்பி அனுப்புகிறேன். அதில் தயவு தாட்சண்யம் இல்லை. சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதையே தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்டிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.