இசைத்தட்டுப் பட்டியல் ஒரு தீர்ப்பு அன்று

மேலைச் செவ்வியல் இசை பற்றிய எழுத்துகளில் ஒரு வாதம், வாதம் என்றே தெரியாமல் உலவுகிறது. சிறந்த இசை நடத்துநர் என்றால் அவருடைய ஒலிப்பதிவுகள் நிலைத்திருக்கும். பதிவுகள் சொற்பம் என்றால் ஆளும் அவ்வளவுதான் என்பது அது. கேட்பதற்கு இயல்பாகத் தோன்றும் இந்தக் கணக்கு எவ்வளவு பொய்யானது என்பதற்கு டீன் டிக்சனின் வாழ்வே சான்று.

மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறிய கறுப்பினப் பெற்றோருக்கு 1915இல் நியூயார்க்கில் பிறந்தவர் டிக்சன். ஜூலியார்டிலும் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். வாய்ப்பு வரட்டும் என்று காத்திராமல் 1932இல், பதினேழு வயதில், ஹார்லெமில் தாமே ஓர் இசைக்குழுவைத் திரட்டினார். 1941ஆம் ஆண்டுக் கோடையில் என்.பி.சி. சிம்ஃபொனியையும் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கையும் நடத்தினார். பின்னதை நடத்திய முதல் கறுப்பினத்தவர் அவரே. 1948இல் டிட்சன் விருதும் வந்தது. வராதது ஒன்று மட்டுமே: அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்களில் ஒன்றுகூட அவரை நிரந்தரப் பொறுப்பில் அமர்த்தவில்லை. 1949இல் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். அங்கே 1953 முதல் 1960 வரை ஸ்வீடனின் கோத்தன்பர்க் சிம்ஃபொனிக்கும், 1961 முதல் 1974 வரை ஃபிராங்க்ஃபர்ட் வானொலிச் சிம்ஃபொனிக்கும் தலைமை ஏற்றார். இடையில் 1964 முதல் 1967 வரை ஆஸ்திரேலியாவின் சிட்னி சிம்ஃபொனியும் அவர் பொறுப்பில் இருந்தது. தகுதி இல்லாத ஒருவரை இத்தனை இசைக்குழுக்கள் இத்தனை ஆண்டுகள் சுமந்திருக்குமா?

பிறகு ஏன் இசைத்தட்டுகள் குறைவு? விடை வணிகத்தில் இருக்கிறது. நீளிசைத் தட்டுகளின் பொற்காலத்தில் பெரும் நிறுவனங்கள் இசைக்குழுக்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. ஃபிலடெல்ஃபியா கொலம்பியா நிறுவனத்துக்குப் பதிவு செய்ததால் ஆர்மண்டியின் தட்டுகள் குவிந்தன, பாஸ்டன் ஆர்.சி.ஏ.வுக்குப் பதிவு செய்ததால் மூன்ஷின் தட்டுகள் குவிந்தன. பதவி இருந்தால் ஒப்பந்தம். ஒப்பந்தம் இருந்தால் தட்டு. பதவியின் வாயில் நிறத்தின் பெயரால் அடைக்கப்பட்டிருந்தால் தட்டின் வாயிலும் தானே அடைபடும். ஆகவே தட்டுகளின் எண்ணிக்கை திறமையை அளப்பதில்லை. யார் எந்த நாற்காலியில் அமர அனுமதிக்கப்பட்டார் என்பதையே பெரிதும் அளக்கிறது.

டிக்சனுக்குக் கிடைத்தவை சிறு நிறுவனங்களின் வாய்ப்புகள். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ரெக்கார்டிங் சொசைட்டிக்காக வால்டர் பிஸ்டனின் இரண்டாம் சிம்ஃபொனி, ஹென்றி கவலின் ஐந்தாம் சிம்ஃபொனி, ஹோவர்ட் ஸ்வான்சனின் குறுஞ்சிம்ஃபொனி ஆகியவற்றைப் பதிவு செய்தார். வெஸ்ட்மின்ஸ்டருக்காக, பியானோ கலைஞரான தம் மனைவி விவியன் ரிவ்கினுடன் எட்வர்ட் மக்டவலின் கன்சர்ட்டோக்களைப் பதிவு செய்தார். இவை செலவு குறைந்த வியன்னாவில் உருவானவை. அமெரிக்கர் எழுதிய இசையை, அமெரிக்க நிறுவனத்துக்காக, அமெரிக்கர் ஒருவர் வியன்னாவின் கலைஞர்களைக் கொண்டு பதிவு செய்தார். சொந்த நாட்டின் இசையை அயலூரில் நின்று சொந்த நாட்டுக்கு அனுப்பிய இந்த நிலையைவிடப் பெரிய குற்றச்சாட்டு வேண்டுமா?

எஞ்சியது வானொலி. ஃபிராங்க்ஃபர்ட் போன்ற வானொலி இசைக்குழுக்களின் முதன்மைப் பணியே ஒலிபரப்புக்காக இசைப்பது. அவர்களின் உழைப்பு காந்த நாடாக்களில் பதிந்து காப்பகத்துக்குச் சென்றது, கடைக்கு வரவில்லை. பதின்மூன்று ஆண்டுக்காலப் பணியின் பெரும்பகுதி அங்கே இருக்க, கடைச்சரக்கை மட்டும் எண்ணிப் பார்த்துப் பதிவுகள் குறைவு என்று எழுதுவது ஆய்வன்று. பதிவு என்பதும் வெளியீடு என்பதும் வேறு. இந்த வேறுபாடு மொழியியலின் முதலாண்டு மாணவருக்கும் தெரியும். நாளிதழ்களை மட்டும் கொண்டு ஒரு தரவுத்தொகுப்பை அமைத்துவிட்டு, அடுப்படியில் வழங்கும் வினைவடிவம் அதில் இல்லாததால் அது மொழியிலேயே இல்லை என்று முடிவு கட்டினால் எந்த நெறியாளரும் அந்த இயலைத் திருப்பி அனுப்பிவிடுவார். இசை வரலாற்றில் மட்டும் அதே பிழை ஏன் புலமையாக மதிக்கப்படுகிறது?

டிக்சனை மறந்தவர்களோடு வழக்கு முடிந்துவிடவில்லை. நினைவுகூர்வோர் மீதும் ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவில் தாம் நீக்ரோ நடத்துநர் என்றும், ஐரோப்பாவில் அமெரிக்க நடத்துநர் என்றும், இறுதியில் வெறும் நடத்துநர் என்றும் அழைக்கப்பட்டதாக டிக்சன் சொன்னதுண்டு. அடைமொழிகள் ஒவ்வொன்றாய் உதிர்வதையே அவர் தம் வெற்றியாகக் கண்டார். இன்றைய அஞ்சலிக் குறிப்புகளோ உதிர்ந்த அடைமொழிகளைப் பொறுக்கியெடுத்து மீண்டும் அவர்மீது ஒட்டுகின்றன. ‘முதல் கறுப்பினத்தவர்’ என்ற வரலாற்று உண்மையைச் சொல்ல வேண்டும். அதோடு நிறுத்திக்கொள்வது இன்னொரு வகை மறதி. அந்த ஸ்வான்சன் பதிவில் தாளத்தை எப்படிப் பிடித்தார், எந்தக் கருவியை முன்னிறுத்தினார் என்று ஒரு வரியும் எழுதாதவர், அவருக்குச் சிலை வைக்கிறாரே தவிர அவரைக் கேட்கவில்லை.

மறக்கப்பட்ட ஒவ்வொருவரும் மேதை என்பது இங்கே வாதமன்று. கேட்ட பிறகு டிக்சனின் ஷூபர்ட்டை ஒருவர் நிராகரிக்கலாம், அது விமர்சனம். கேளாமலே பட்டியலின் நீளத்தைக் காட்டி நிராகரிப்பது சோம்பல். அச்சோம்பலுக்குப் பல்கலைக்கழகங்களில் ஒரு மரியாதையான பெயரும் உண்டு: போதிய தரவு இல்லை. வெளியீடு மிகுந்தவர் மீது ஆய்வேடு எழுதப்படுகிறது. ஆய்வேடு எழுதப்பட்டவர் மறுவெளியீடு காண்கிறார். மறுவெளியீடு அடுத்த ஆய்வேட்டுக்குத் தரவாகிறது. இந்தச் சுற்றில் வெளியே தள்ளப்பட்டவர் வெளியேயே இருக்கிறார், ஒவ்வொரு தலைமுறையும் அதற்குப் புதிதாக முத்திரை குத்துகிறது.

இருபத்தொரு ஆண்டுகள் கழித்து 1970இல் டிக்சன் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தத் தாய்நாடு திரும்பினார். 1976இல் 61ஆம் வயதில் சுவிட்சர்லாந்தில் மறைந்தார். பொதுப்பணத்தில் இயங்கும் வானொலிகளின் நாடாக்கள் பொதுச்சொத்து. அவற்றைத் திறக்கச் சொல்லிக் கேட்பது ஆய்வாளரின் உரிமை மட்டுமன்று, கடமையும்கூட. தரவு இல்லை என்று ஒரு மாணவரின் தலைப்பைத் தள்ளுவதற்கு முன், அந்தத் தரவு யார் கையில், எந்தப் பூட்டுக்குள் இருக்கிறது என்று நெறியாளர் ஒருமுறை கேட்கட்டும்.