சத்தம் வேறு, சக்தி வேறு

பழைய மாருதி 800 இழுக்கவில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். சைலன்ஸரைக் கழற்றிவிட்டு ஃப்ரீ ஃப்ளோ போடு, டப்பா ஏர் ஃபில்டரைத் தூக்கிவிட்டு கூம்பு ஃபில்டர் மாட்டு, பவர் பெட்ரோல் அடி என்பார்கள். சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் மூன்றும் வீண் செலவு. முதல் இரண்டும் நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினையும் கெடுத்துவிடும். இப்படி அரைகுறை வேலை பார்த்துப் பாழான வண்டிகளை ஊருக்கு ஊர் பார்க்கிறோம். அதனால்தான் இதைக் கோபத்தோடு எழுதுகிறேன்.

மாருதி 800-இன் எஞ்சின் 796 சிசி, மூன்று சிலிண்டர். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். ஆகவே 5000 ஆர்பிஎம்மில் ஓடினாலும் நிமிடத்துக்கு அதிகபட்சம் 2000 லிட்டர் காற்று. நடைமுறையில் அதற்கும் குறைவு. இந்த அளவைத் தீர்மானிப்பவை கார்புரேட்டரின் தொண்டை, வால்வின் விட்டம், கேம் ஷாஃப்ட் வால்வைத் திறந்து வைக்கும் நேரம் ஆகியவை. சுத்தமான காகித ஃபில்டர் இந்தக் காற்றுக்குப் பெரிய தடையே இல்லை. இல்லாத தடையை நீக்கி என்ன கிடைக்கப்போகிறது?

கிடைப்பது நஷ்டம். பானெட்டுக்குள் திறந்து நிற்கும் கூம்பு ஃபில்டர் எஞ்சின் சூட்டில் வெந்த காற்றையே உறிஞ்சும். 30 டிகிரியில் இருக்கும் காற்று 60 டிகிரிக்கு ஏறினால் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. அடர்த்தி குறைந்தால் ஆக்ஸிஜன் குறைவு, இழுவையும் குறைவு. சைலன்ஸர் விஷயமும் இதே கதிதான். குழாய் தேவைக்கு மேல் அகலமானால் புகையின் வேகம் தணிந்துவிடும். வெளியேறும் புகை தன் வேகத்தால் சிலிண்டரில் மிச்சமிருப்பதையும் சேர்த்து இழுத்துப் போகும் வேலை கெடும். நகரத்தில் நாம் ஓட்டும் 2000, 3000 ஆர்பிஎம்மில் வண்டி முன்பைவிட மந்தமாகும். ஓட்டுபவருக்கு அது தெரிவதில்லை. காதைப் பிளக்கும் சத்தத்தை அவர் வேகம் என்று நம்பிவிடுகிறார். பவர் பெட்ரோலைப் பற்றி ஒரு வரி போதும்: அதிக ஆக்டேன் நாக்கிங்கைத் தடுக்கும், நாக்கிங் இல்லாத பழைய எஞ்சினில் அதற்கு வேலையில்லை.

“ரேஸ் வண்டியில் எல்லாம் செய்கிறார்களே?” என்று கேட்பார்கள். செய்கிறார்கள், எப்படி என்று பாருங்கள். இங்கிலாந்தின் 848 சிசி மினி 34 குதிரைத்திறன் கொண்டது. 1961-இல் வந்த மினி கூப்பர் 55-ஐத் தொட்டது. அதற்காக எஞ்சினை 997 சிசி ஆக்கினார்கள், இரட்டைக் கார்புரேட்டர் வைத்தார்கள், வால்வைப் பெரிதாக்கினார்கள், கம்ப்ரஷனை உயர்த்தினார்கள். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் போட்டார்கள். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்த வேலை அது. பிரேக்கைத் தொடாமல் பவரை மட்டும் பேசுகிறவரின் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

உண்மையில் நம் வண்டிக்கு வந்த நோய் வேறு. கார்புரேட்டர் மாடல் 800 வெளியே வந்தபோது ஏறத்தாழ 39 குதிரைத்திறன் இருந்தது. அதில் எவ்வளவு மிச்சம் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. அளப்பது கடினமே அல்ல. எஞ்சினைச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் இணைப்பைப் பிரித்து வைத்துவிட்டு, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் கேஜின் முள் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் சொல்லிவிடும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து தாழ்ந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். டேப்பட் இடைவெளியை ஆண்டுக்கணக்கில் பார்க்காமல் விட்ட எஞ்சினில் வால்வு முழுக்க மூடாமல் கருகியிருப்பது சாதாரணம். அந்த வழியே போகும் சக்தியை எந்த சைலன்ஸரும் திருப்பித் தராது.

இன்னொன்று, ஒரு பைசா செலவில்லாதது. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஃபில்டர் டப்பாவைக் கழற்றி, ஒருவரை ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டருக்குள் த்ராட்டில் தகடு நேராக நிற்கிறதா? கேபிள் தொய்ந்தோ, பெடலுக்கு அடியில் இரண்டு மேட் அடுக்கியிருந்தோ தகடு முக்கால்வாசியோடு நின்றுபோகும் வண்டிகள் உண்டு. முழு பவர் இருந்தும் கொடுக்காமல் ஓட்டுகிறார்கள். பிரேக் ஷூ உரசுவது, கிளட்ச் வழுக்குவது, டயரில் காற்று குறைவது ஆகியவையும் எஞ்சின் தலையில் போய் விழும் பழிகள். ஊட்டியில் ஏறும்போது திணறுவதைக்கூட எஞ்சின் குறை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 2200 மீட்டருக்கு மேல் காற்றே சுமார் ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடுகிறது. வண்டி என்ன செய்யும்?

வேகம் வேண்டும் என்றால் எடையைப் பாருங்கள். கோவையின் கரிவரதன் இதே மாருதி 800 எஞ்சினை ஒற்றை இருக்கை ரேஸ் காரில் வைத்து ஃபார்முலா மாருதி பந்தயத்தை உருவாக்கினார். சிறிய எஞ்சினை வேகமாக ஓடவைத்தது இலேசான உடல். நாமோ டிக்கி நிறையப் பழைய சாமான்களையும் ஸ்பீக்கர் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு பிக்கப் இல்லை என்று புலம்புகிறோம்.

சட்டமும் இருக்கிறது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 182-ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரவில் சைலன்ஸர் சத்தத்தால் தூக்கம் கெடும் குழந்தைகளுக்காக நான் இந்தச் சட்டத்தை மனமார ஆதரிக்கிறேன்.

அடுத்த முறை ஒர்க்‌ஷாப் போகும்போது எதையும் மாட்டச் சொல்லாதீர்கள். மூன்று சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.