செல்போன் பேட்டரி: பயப்பட வேண்டியது எதற்கு?

புது செல்போன் வாங்கினால் கடைக்காரர் சொல்லும் முதல் அறிவுரை, "எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க" என்பதுதான். "சுத்தமா தீர்ந்த பிறகுதான் மறுபடி சார்ஜ் போடணும்" என்பது அதன் தம்பி. இரண்டுமே நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கங்கள். அந்தப் பேட்டரிகளோடு அவையும் போயிருக்க வேண்டும்... போகவில்லை!

சோனி நிறுவனம் 1991-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி வகைதான் இன்று எல்லோர் பையிலும் இருக்கிறது. இதை முழுவதும் தீர விடுவதுதான் கெடுதல். 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாமல், 80 சதவீத அளவில் நிறுத்தி வந்தால் கூடுதல் நாள் உழைக்கும்.

இன்னொரு பயம், இரவு முழுக்க சார்ஜில் கிடந்தால் மின்சாரம் நிரம்பி வழிந்து வெடித்துவிடும் என்பது. தண்ணீர்க் குடம் போல நினைத்துக்கொள்வதால் வரும் பயம் இது. பேட்டரி நிறைந்ததும் போனுக்குள் இருக்கும் சுற்றே மின்சாரத்தை நிறுத்திவிடும். ஆனால் அதே போனைத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போட்டால் சூடு வெளியேற வழியில்லை. உண்மையான எதிரி சூடுதான். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் போனை விட்டுச் செல்பவர், எத்தனை மணி நேரம் சார்ஜ் போடலாம் என்று கவலைப்படுவதில் பொருளே இல்லை.

2007 ஆகஸ்டில் நோக்கியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மட்சுஷிடா நிறுவனம் தயாரித்த பிஎல்-5சி பேட்டரிகளில் 4.6 கோடி, சார்ஜ் ஆகும்போது சூடாகலாம் என்றது. உலகம் முழுவதும் அதுவரை பதிவானவை சுமார் 100 சம்பவங்கள். இந்தியாவில் நோக்கியா மையங்களில் கூட்டம் அலைமோதியது. எல்லோரும் பேட்டரியைக் கழற்றி, பின்னால் இருந்த எண்ணைச் சரிபார்த்தார்கள். நல்லதுதான். ஆனால் விலை குறைவு என்று நடைபாதையில் போலி பேட்டரி வாங்கும்போது யாரும் எந்த எண்ணையும் பார்ப்பதில்லை! இப்போது இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். அந்த முத்திரையைத் தேட அரை நிமிடம் போதும்.

கழற்றக்கூடிய பேட்டரி இருந்த நாட்களில் அதை மேசை மேல் வைத்துச் சுற்றிவிட்டுப் பார்ப்பார்கள். பம்பரம் போலச் சுழன்றால் உப்பிவிட்டது என்று அர்த்தம். அருமையான சோதனை. வேடிக்கை என்னவென்றால், சுழன்ற பேட்டரியையே மறுபடி போனில் போட்டு மூடியை ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்வார்கள். இப்போதைய போன்களில் பேட்டரி உள்ளேயே அடைபட்டிருப்பதால், திரையோ பின்மூடியோ தூக்கிக்கொண்டு நிற்பதுதான் அடையாளம்.

உப்பலுக்குக் காரணம் உள்ளே வேதிப்பொருள் சிதைந்து உண்டாகும் வாயு. ஊசியால் குத்தி அதை வெளியேற்றலாம் என்று நினைப்பது விபரீதம். நேர்முனையையும் எதிர்முனையையும் பிரிப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டுமே. அது கிழிந்தால் அந்த இடத்திலேயே தீ பிடிக்கலாம். உப்பிய போனை அணைத்து, சார்ஜ் போடாமல், துணி மெத்தை இல்லாத இடத்தில் வைத்து, சர்வீஸ் மையத்திடம் ஒப்படைக்க வேண்டும். குப்பைத்தொட்டியில் போட்டால் அது குப்பை வண்டியில் நசுங்கும்போது தீப்பிடிக்கும், அங்கே நிற்பவர் துப்புரவுத் தொழிலாளி.