கண்டியில் கூடும் மாநாடுகள் யாருடையவை?

சர்வதேச மாநாடு நடத்துவதற்கு ஏற்ற நகரம் கண்டி என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. கொழும்பில் கூடும் பேராளர்கள் மாலையானதும் திசைக்கொருவராகக் கலைந்துவிடுகிறார்கள். கண்டி சிறிய ஊர். பகலில் அரங்கில் வாதிட்டவர்கள் அந்தியில் ஏரிக்கரையில் மீண்டும் சந்தித்துக்கொள்வார்கள். சில கிலோமீட்டர் தொலைவில் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் என்ற பெருமையும் சேர்ந்துகொள்கிறது. விமான நிலையத்திலிருந்து மலைப்பாதையில் மணிக்கணக்காகப் பயணம் செய்யவேண்டியிருப்பதையும், பெரகரா காலத்தில் தங்குவதற்கு அறை கிடைக்காததையும் வருபவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இது நேற்றுத் தொடங்கிய வழக்கமும் அன்று. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். 1945 செப்டெம்பரில் பர்மாவின் ஆங் சான் அவரைச் சந்தித்து, தமது படையைப் பர்மிய இராணுவத்துடன் இணைப்பதற்கு உடன்பட்டது கண்டியில்தான். 1950 மே மாதம் உலக பௌத்தர் பேரவையின் தொடக்கக் கூட்டம் தலதா மாளிகையில் நிகழ்ந்தது. அடுத்தவர் நாட்டின் வரலாறு எழுதப்படும்போதுகூட இந்தச் சிற்றூர் மேசையும் நாற்காலியும் கொடுத்து உதவியிருக்கிறது.

ஆனால், மேசையும் நாற்காலியும் கொடுத்தவனுக்குப் பேச்சில் பங்கு உண்டா? முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பகுதியிலிருந்து செய்தி எழுதிவருபவன் என்ற முறையில் அதைத்தான் இங்கே கேட்க விரும்புகிறேன்.

இன்றைய மாநாடுகளின் ஒழுங்கை வாசகர்கள் பலர் அறிவார்கள். நட்சத்திர விடுதி ஒன்றின் மண்டபம், குத்துவிளக்கு, கண்டிய நடனம், அமைச்சரின் வாழ்த்துரை. பிறகு இரண்டு நாட்களுக்கு ஆங்கிலத்தில் கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம். மூன்றாம் நாள் தலதா மாளிகையும் பின்னவல யானைகளும். நான்காம் நாள் விடுதி வாசலில் பதாகை இறக்கப்படும். அந்த விடுதியில் பாத்திரம் கழுவிய பெண்ணுக்கோ பேராளர்களை ஏற்றிவந்த வாகனச் சாரதிக்கோ அங்கே என்ன பேசப்பட்டது என்பது தெரியாது. மறுநாள் பத்திரிகையில் வருவதும் குத்துவிளக்கு ஏற்றிய படம் மட்டுமே. செய்தியாளருக்குக் கொடுக்கப்படும் உறையில் அதற்கு மேல் எதுவும் இருப்பதில்லை.

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் குண்டசாலை, திகன கடந்து வந்தால் தெல்தெனிய. இன்று நாம் காணும் தெல்தெனிய புதிய ஊர். பழைய ஊர் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்டு 1985 இல் திறந்துவைக்கப்பட்ட அந்த அணைக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய ஊரின் இடிபாடுகள் தலைகாட்டும். அக்கம்பக்கத்து மக்கள் தம் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டுவார்கள். பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தைத் தொட்டு ஓடும் அதே மகாவலிதான் இங்கே வந்து தேங்கி நிற்கிறது. நீர்வளம் பற்றியும் மீள்குடியேற்றம் பற்றியும் கண்டியில் நடந்த கருத்தரங்குகள் சிலவற்றில் நான் பார்வையாளர் வரிசையில் இருந்திருக்கிறேன். அவற்றில் ஒன்றிலேனும், வீட்டையும் வயலையும் தண்ணீருக்குக் கொடுத்த தெல்தெனியக்காரர் ஒருவர் மேடையில் அமர்ந்து பேசக் கண்டதில்லை.

இது வெறும் மரியாதைக் குறைவு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதனினும் பெரிய இழப்பு இதில் உண்டு.

2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் மருத்துவமனையில் உயிரிழந்தார். தொடர்ந்து திகனவிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் எரிந்தன. எரிந்த வீடொன்றினுள் ஓர் இளைஞர் பிணமாகக் கிடந்தார். மார்ச் 6 ஆம் தேதி அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. அங்கே வெறுப்பு பரவியது பெரும்பாலும் சிங்கள மொழியில். அதைக் கவனித்துத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்திராத பேஸ்புக் நிறுவனம் 2020 இல் வருத்தம் தெரிவித்தது.

இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் 1982 இல் தோன்றிய காலம் முதல் கண்டியில் இயங்கிவருகிறது. இன உறவுகள் குறித்து உலகத் தரமான ஆய்வாளர்கள் வந்து பேசிய நகரம் இது. அந்த ஆய்வுகளைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆயினும், வதந்தி ஊர் மக்களின் தாய்மொழியில் வந்தபோது அறிவு அவர்களுக்கு எட்டாத மொழியில் அடுக்கப்பட்டிருந்தது. தீ வைத்தவன் கட்டுரை படித்திருந்தால் திருந்தியிருப்பான் என்று நான் வாதிடவில்லை. தீ வைக்காமல், ஆனால் தடுக்கவும் துணியாமல் நின்ற ஆசிரியர், மதகுரு, கடைக்காரர் போன்ற பெரும்பான்மையினரைத்தான் எண்ணிப் பார்க்கிறேன். அவர்களுடன் பேசுவதற்கு நமது அறிவுலகம் பழகியிருக்கவில்லை.

ஆய்வாளர்களின் பொதுமொழி ஆங்கிலம். நுண்ணிய விடயங்களைப் பொதுமக்கள் முன் வைத்தால் ஆய்வு மேடை அரசியல் மேடையாகிவிடும் என்று பேராசிரிய நண்பர்கள் சொல்வதுண்டு. அந்த அச்சம் காரணமற்றதன்று. தமிழர்களாகிய நாம் அதை அனுபவத்தால் அறிவோம். 1952 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த தனிநாயகம் அடிகள் முன்னின்று 1964 இல் உருவாக்கிய அமைப்பே உலகத் தமிழாராய்ச்சி மன்றம். அதன் நான்காவது மாநாட்டைக் கொழும்பில் நடத்தும்படி அரசு வற்புறுத்தியபோது, பேராதனையில் நெடுங்காலம் தமிழ் கற்பித்த பேராசிரியர் வித்தியானந்தன் யாழ்ப்பாணத்திலேயே நடத்தினார். 1974 ஜனவரியில் நகர வீதிகளை மக்களே அலங்கரித்தார்கள். ஆய்வரங்கு ஒரு பக்கம், ஊர்த் திருவிழா ஒரு பக்கம். இறுதி நாளான ஜனவரி 10 இல் பொலிஸ் நடவடிக்கையின் விளைவாகப் பொதுமக்கள் உயிரிழந்த கொடுமையை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கொடுமைக்குக் காரணம் மக்கள் திரண்டது அன்று. திரண்ட மக்களை அரசு எதிரியாகப் பார்த்ததே காரணம்.

மக்களைத் தள்ளி வைத்தால் அரசியல் வராது என்பதும் பொய். அதே மன்றத்தின் எட்டாவது மாநாடு 1995 ஜனவரியில் தஞ்சாவூரில் நடந்தது. அதுவும் கண்டியைப் போலப் பழைய தலைநகரம், பல்கலைக்கழக நகரம். அரசு முன்னின்று நடத்திய அந்த மாநாட்டுக்குச் சென்ற ஈழத்து அறிஞர்கள் சிலர் திருப்பியனுப்பப்பட்டார்கள். ஆக, வாசலை இறுக்கி மூடுவது ஆய்வைக் காப்பாற்றிவிடாது.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கண்டியில் கூடும் ஒவ்வொரு சர்வதேச மாநாடும் ஒரு மாலை அமர்வையேனும் சிங்களத்திலும் தமிழிலும், கட்டணமின்றி, ஊர் மக்களுக்காக நடத்தட்டும். கட்டுரைச் சுருக்கங்கள் மூன்று மொழிகளிலும் அச்சாகட்டும். ஒரு படி கண்டி டி. எஸ். சேனாநாயக்க நினைவு நூலகத்துக்குப் போகட்டும். தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் கிராமப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் சில இருக்கைகள் ஒதுக்கப்படட்டும். பின்னவலைக்குப் போகும் பஸ்களில் ஒன்று தெல்தெனியவுக்கு வரட்டும். வேடிக்கை பார்க்க அல்ல, அணையால் பெயர்ந்தவர்களும் 2018 இல் கடை இழந்தவர்களும் சொல்வதைக் கேட்க. மொழிபெயர்ப்பாளருக்கு ஆட்பஞ்சம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பேராதனையில் சிங்களத் துறையும் தமிழ்த் துறையும் இருக்கின்றன. அந்த மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

அடுத்த மாநாட்டுக்கு இப்போதே எங்கோ ஒரு குழு கூடி விடுதி மண்டபத்தின் வாடகையை விசாரித்துக்கொண்டிருக்கும். அந்தக் குழுவின் முதற் கூட்டத்திலேயே, இந்த ஊரிலிருந்து யார் பேசப்போகிறார்கள் என்று எவரேனும் ஒருவர் கேட்டால் போதும். மீதி தானாக நடக்கும் என்றே நம்புகிறேன்.