ஒரு துளிக் குருதியில் எத்தனை கிளைகள்?

மலேரியா நோயாளி ஒருவரின் உடலில் இருப்பது ஒரே மரபுவழி ஒட்டுண்ணி என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆப்பிரிக்காவில் நோய் மிகுந்த பகுதிகளில் இது பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஒருவர் குருதியிலேயே பல கிளைகள் கூடி வாழ்கின்றன.

இதை அறியும் முறை, சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காண்பதைப் போன்றது. மனித உடலில் இவ்வொட்டுண்ணிக்கு மரபணுத் தொகுதி ஒன்றே. ஆகவே ஒரு கிளை மட்டும் இருப்பின், ஓரிடத்தில் ஓர் எழுத்தே கிடைக்கும். இரண்டு கிடைத்தால் வேறொன்றும் உண்டென்று பொருள். 2012-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வொன்று 227 மாதிரிகளை இவ்வாறு வாசித்து, ஒருவருக்குள் காணும் வேறுபாட்டை அவ்வட்டாரத்து வேறுபாட்டோடு ஒப்பிட்டது. ஆப்பிரிக்க மாதிரிகளில் கலப்பு மிகுதி. கம்போடியா, தாய்லாந்து மாதிரிகளில் குறைவு.

இது வெறும் ஆய்வுக்கூட ஆர்வமன்று. மருந்துச் சோதனையில் சில வாரங்கள் கழித்து ஒட்டுண்ணி மீண்டும் தோன்றினால், அது பழையதா, புதுக் கொசுக்கடியால் வந்ததா என்பதை மரபணு ஒப்பீடே தீர்க்கிறது. முதல் நாள் சிறுபான்மையாய் மறைந்திருந்த கிளை கணக்கில் விடுபட்டால், மருந்தின் தோல்வி 'புதுத் தொற்று' எனப் பதிவாகும். தோற்ற மருந்து வென்றதாகத் தோன்றும்.

ஆர்ட்டிமிசினின் எதிர்ப்புக்குரிய மரபணு மாற்றம் ருவாண்டாவில் பரவிவருவது 2020-இல் வெளிப்பட்டது. இந்நிலையில் அத்தகைய பிழை உயிர்களைக் கொள்ளும். சிறுபான்மைக் கிளைகளையும் எண்ணும் அளவீட்டை மருந்துச் சோதனைகளின் கட்டாய அங்கமாக்க வேண்டும் என்பதே எம் துணிபு.