சுருட்டைக்கு மருந்து டப்பாவில் இல்லை, விதையில் இருக்கு!



சென்னை மந்தைவெளி கடையில் முண்டு வத்தல் வாங்குகிறவருக்குக் கிலோ என்ன விலை என்று தெரியும். கமுதி, முதுகுளத்தூர், திருவாடானை மானாவாரிக் காட்டில் அதை விளைவிக்க நாம் படுகிற பாடு தெரியாது. பூக்கிற நேரத்தில் கொழுந்து சுருண்டு, இலை சிறுத்து, செடி குட்டையாகி நின்றால் போட்ட முதல் அத்தனையும் போச்சு.

இலைப்பேன் தாக்கினால் இலை மேல்பக்கம் சுருளும். சிலந்தி தாக்கினால் கீழ்ப்பக்கம் சுருளும். இதுக்கெல்லாம் மருந்து உண்டு. வெள்ளை ஈ கொண்டு வருகிற வைரஸ் சுருட்டை வேறு. செடிக்குள் வைரஸ் புகுந்துவிட்டால் எந்த மருந்தாலும் எடுக்க முடியாது. ஈயைக் குறைக்கலாம், அவ்வளவுதான். கடன் வாங்கி வாரா வாரம் மருந்து அடித்தால் லாபம் யாருக்கு?

தாங்கி நிற்கிற ரகம்தான் தீர்வு. கண்டுபிடிக்க வழியும் இருக்கு. நோய் கடுமையாக வருகிற இடத்தில் பல ரகங்களை வரிசையாக நட்டு, இடையில் சீக்கிரம் நோய் பிடிக்கிற ரகத்தையும் நட்டு, பூச்சிமருந்தே அடிக்காமல் விட வேண்டும். தப்பியதை வலைக்கூண்டில் வைத்து, நோய்ச்செடியில் சாறு குடித்த வெள்ளை ஈயை அதன்மேல் விட்டு மறுபடி சோதிக்க வேண்டும். அதிலும் நின்றால்தான் அது எதிர்ப்பு ரகம். இல்லாவிட்டால் ஈ வராததால் தப்பித்தது என்றே அர்த்தம்.

வாரணாசியில் விஞ்ஞானிகள் 300-க்கும் மேற்பட்ட ரகங்களை இப்படிச் சோதித்தார்கள். அறிகுறியே காட்டாமல் நின்றவை மூன்றே மூன்று என்று 2006-ல் வெளியிட்டார்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா தேஜஸ்வி, அர்கா தன்வி போன்ற எதிர்ப்பு ரகங்களைக் கொடுத்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் அவை முண்டு அல்ல. வீரிய ஒட்டு ரகங்கள் வேறு. அதில் எடுத்த விதையை மறுவருஷம் போட்டால் குணம் மாறிப்போகும். வருஷா வருஷம் விதைக்குக் காசு கொடுக்கணும்.

ராமநாதபுரம் முண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேருக்குக் காப்பு வந்தது. செடிக்குக் காப்பு எப்போது? ஆகவே கேட்கிறோம்:

1. வீட்டுக்கு வீடு நாம் எடுத்து வைத்திருக்கும் முண்டு, சம்பா விதைகளைச் சேகரித்து முதலில் அவற்றைச் சோதிக்க வேண்டும்.

2. சோதனை பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலும் நம் காடுகளிலும் நடக்க வேண்டும். மருந்து அடிக்காமல் நிலம் விடுகிறவருக்கு நஷ்டஈடு வேண்டும்.

3. முடிவைத் தமிழில் ஊராட்சி பலகையில் ஒட்ட வேண்டும்.

4. எடுத்து வைத்து மறுபடி விதைக்கக்கூடிய ரகமாகத் தர வேண்டும்.

இது பிச்சை அல்ல. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001, விதையை எடுத்து வைக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும் நமக்கு உரிமை கொடுத்திருக்கிறது. நம் விதையிலிருந்து புது ரகம் பிறந்தால் பலனில் பங்கு கேட்கவும் அதில் வழி இருக்கிறது.

புரட்டாசி விதைப்புக்கு முன்னால் வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் தீர்மானம் போடுவோம். கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் சுருட்டை பிடித்த செடியோடு போய் நிற்போம்!

நம் விதை நம் உரிமை! ஒன்றுபடுவோம்!